பூட்டிய அறை புறப்பட்ட கதை

சாந்தி தியேட்டரில் ஒரு கதவு 890 நாள் திறந்து மூடியது. 2005 சித்திரை முதல் நாள் வெளியான 'சந்திரமுகி' அந்த ஒரு தியேட்டரில் அத்தனை நாள் ஓடியது. 1944 தீபாவளிக்கு வந்து, பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த 'ஹரிதாஸ்' படத்தின் சாதனை அதோடு போயிற்று. சிவாஜி குடும்பத்தின் சொந்தத் தியேட்டர், சொந்தப் படம் என்ற வசதி இருந்தது உண்மைதான். ஆனால் வசதி இருந்தால் மட்டும் 890 நாள் ஆள் வந்துவிடாது. சிந்தாதிரிப்பேட்டைக்காரர்களுக்கு அது நடை தூரமாக இருந்தது. அருணாசல நாயக்கன் தெருவிலிருந்து கிளம்பி, மே தினப் பூங்காவைத் தாண்டி, அண்ணா சாலைக்கு வந்து, எதிர்ப்பக்கம் போனால் சாந்தி வந்துவிடும். மீன் மார்க்கெட்டில் காலை வியாபாரத்தை முடித்துவிட்டு, குளித்து, மத்தியானக் காட்சிக்குப் போய்விட முடிந்தது.

படத்தில் வேட்டையபுரம் அரண்மனையின் மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. யாரும் திறக்கக் கூடாது என்பது வீட்டின் சட்டம். புதிதாக வந்த மருமகள் கங்கா திறக்கிறாள். உள்ளே ஒரு நாட்டியக்காரியின் படம், அவளுடைய நகை, சலங்கை, தூசி. கூடவே ஒரு பெரிய பாம்பு. அந்தப் பாம்பு எதற்காக வந்தது, யாருக்குக் காவல், ஏன் யாரையும் கடிக்கவில்லை என்று படம் முடிகிறவரை தெரியாது. பாம்பைப் பார்த்தால் ஃபிராய்டு பக்தர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். நான் அதை விட்டுவிடுகிறேன். எனக்கு அந்தப் பூட்டுதான் முக்கியம். அது சென்னையில் செய்த பூட்டு இல்லை. இரண்டு மாநிலம் சுற்றி இங்கே வந்தது, இங்கிருந்து வடக்கே போனது. போன இடமெல்லாம் உள்ளே இருந்தவள் வேறு மொழி பேசினாள்.

அது பிறந்த ஊர் கேரளத்தில் ஹரிப்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முட்டம். அங்கே ஆலும்மூட்டில் என்று பெயர்பெற்ற ஓர் ஈழவக் குடும்பமும் அவர்களுடைய பழைய பெரிய வீடும் உண்டு. அந்த வீட்டில் குடும்பத் தலைவரான காரணவரும் ஒரு வேலைக்காரப் பெண்ணும் கொலையுண்டார்கள் என்பது ஊர்ப்பேச்சு. சொத்து மருமகன்களுக்குப் போகும் மருமக்கத்தாயக் காலத்துச் சண்டையின் விளைவு என்பார்கள். மது முட்டம் அந்த ஊர்க்காரர். அந்தப் பேச்சிலிருந்து ஒரு திரைக்கதை செய்தார். பாசில் இயக்கினார். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று பிரியதர்ஷன், சித்திக், லால், சிபி மலயில் என்று ஒரு பட்டாளமே இரண்டாம் யூனிட்டில் கைகொடுத்தது. 1993 டிசம்பரில் 'மணிச்சித்ரத்தாழ்' வந்தது. வேலைப்பாடு மிக்க பழைய கதவுத் தாழ்ப்பாளையே படத்துக்குப் பெயராக வைத்திருந்தார்கள்.

ஊர்ப்பேச்சு திரைக்கதை ஆகும்போது நடந்த ஒரு மாற்றம் பலர் கண்ணில் படுவதில்லை. பேச்சில் செத்தவள் அதே வீட்டில் வேலை செய்த பெண். படத்தில் அவள் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி நாகவல்லி. வீட்டு மொழி பேசாதவள். கோபம் வந்தால் தமிழில் பேசுகிறவள். கனவில் மனம் இந்த வேலையைத்தான் செய்கிறது என்று 1899 கடைசியில் வெளியான கனவு நூலில் ஃபிராய்டு எழுதினார். நேருக்கு நேர் பார்க்க முடியாத ஒன்றை எடுத்து, சம்பந்தமில்லாத வேறொன்றின் மேல் சுமத்திவிடும். தூங்குகிறவனும் தொந்தரவில்லாமல் தூங்குவான். வேலைக்காரியின் ஆவி வந்து நின்றால் வீட்டுக்காரர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தஞ்சாவூர்க்காரியின் ஆவி என்றால் மந்திரவாதியைக் கூப்பிட்டால் போதும்.

படப்பிடிப்பு நடந்த இடங்களில் ஒன்று பத்மநாபபுரம் அரண்மனை. அது இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். பராமரிப்பது கேரள அரசு. தமிழ்நாட்டு மண்ணில் கேரளம் வைத்திருக்கும் ஒரு வீட்டில், கேரள வீடு ஒன்றில் அடைபட்ட தமிழ்ப் பெண்ணின் கதையை எடுத்தார்கள். யாரும் யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள். யோசிக்காமல் நடப்பதுதான் இந்தக் கதையில் அதிகம்.

அமெரிக்காவிலிருந்து வரும் மனநல மருத்துவர் சன்னி, பேய் இல்லை என்கிறார். கங்காவின் பெற்றோர் கல்கத்தாவில் இருந்தார்கள். அவள் கிராமத்தில் பாட்டியிடம், பாட்டி சொன்ன கதைகளோடு, தனியாக வளர்ந்தாள். கல்யாணமாகி வந்த வீட்டிலும் கணவன் நகுலனுக்கு வேலைதான் கண். அவளுக்குள் ஏற்கெனவே இருந்த பள்ளத்தில் நாகவல்லியின் கதை வந்து நிரம்பியது என்று விளக்குகிறார். இந்திய வெகுஜன சினிமாவில் ஒரு பேய்ப்படம் இவ்வளவு சுத்தமாக, ஒரு பெண்ணின் குழந்தைப் பருவத்திலிருந்து பேயைக் கணக்குப் போட்டுக் காட்டியது அபூர்வம். ஷோபனாவுக்கு அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

சன்னியின் குருபரம்பரையைத் தேடிக்கொண்டு போனால் வியன்னாவுக்குப் போக வேண்டும். 1880 வாக்கில் அங்கே இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி, நோயாளித் தந்தைக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தவள், படுத்தபடுக்கை ஆனாள். கை இழுத்துக்கொண்டது. கண் மங்கியது. ஒரு நாளில் இரண்டு பெண்ணாக இருந்தாள்: ஒருத்தி சாது, சோகமானவள், இன்னொருத்தி தலையணையைத் தூக்கி எறிகிறவள். ஒரு கட்டத்தில் தாய்மொழியான ஜெர்மன் அவளிடமிருந்து போய்விட்டது. மாதக்கணக்கில் ஆங்கிலம் மட்டும் பேசினாள். எதிரே இருக்கிறவர்களுக்குப் புரியவில்லை என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. பின்னால், போன வருஷம் இதே தேதியில் என்ன நடந்ததோ அதை நாள் பிசகாமல் மறுபடி வாழ்ந்தாள். மருத்துவர் யோசப் பிராயர் தினமும் போய் அவள் பேசியதைக் கேட்டார். 1895இல் பிராயரும் ஃபிராய்டும் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் அவளுக்குப் புனைபெயர் ஆன்னா ஓ. உளப்பகுப்பாய்வு அந்தப் படுக்கையறையில்தான் பிறந்தது என்று சொல்வது வழக்கம்.

கட்டிலருகே நிற்கும் கங்காவை இதோடு வைத்துப் பாருங்கள். வெளியே கடைக்குப் போக வேண்டும் என்று கேட்கிறாள். கணவன் வேண்டாம் என்கிறான். முதலில் கெஞ்சல். பிறகு குரல் இறங்குகிறது. கண் அசையாமல் நிற்கிறது. வார்த்தை வேறு மொழிக்குத் தாவுகிறது. அப்புறம் கட்டிலை ஒரு கையால் தூக்குகிறாள். கட்டில்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு அதற்கு அரை நிமிஷம் முன்னால் மொழி மாறும் இடம்தான் பயம். நோயாளிக்கு மொழி மாறும் என்பது வியன்னாவில் குறிப்பெழுதி வைத்த உண்மை. மது முட்டம் அதைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

1919இல் ஃபிராய்டு பயத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். அவர் வாதம் இது: உண்மையில் நடுங்க வைப்பது முன்பின் தெரியாத புதுசு இல்லை, ஒரு காலத்தில் வீட்டோடு வீடாக இருந்து, பிறகு மறைத்து வைக்கப்பட்டு, இப்போது வெளியே வந்துவிட்டது எதுவோ அது. அதன் அடிக்குறிப்பில் தனக்கே நடந்ததைச் சொல்கிறார். ரயிலில் தனிப் பெட்டியில் போய்க்கொண்டிருக்கிறார். வண்டி குலுங்கியதில் கழிவறைக் கதவு திறந்துகொள்ள, அங்கியும் தொப்பியுமாக ஒரு கிழவர் உள்ளே வருகிறார். ஆள் தெரியாமல் பெட்டி மாறி வந்துவிட்டார் போலிருக்கிறது என்று சொல்ல எழுந்தால், கதவில் பதித்த கண்ணாடியில் அவருடைய உருவம்தான். அந்தக் கிழவரை அவருக்குப் பிடிக்கவே இல்லை. உலகத்தின் பேய்ப்படங்களில் கதவு திறக்கும் காட்சிகள் எல்லாவற்றுக்கும் இந்த அடிக்குறிப்பை முன்னுரையாகப் போடலாம்.

இந்தச் சிந்தனை இந்தியாவுக்குக் கப்பலில் மெதுவாக வரவில்லை. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ், மனம் எப்படி ஆசைகளை அமுக்கி வைக்கிறது என்பதைப் பற்றியே 1921இல் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதி ஃபிராய்டுக்கும் அனுப்பினார். அடுத்த வருஷமே அங்கு இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கிவிட்டது. சென்னை அந்த அளவுக்கு இதில் இறங்கவில்லை. சென்னைக்கு இந்த விஷயம் சினிமா வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

வருகிற வழியில் பெங்களூர். பி. வாசு கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' எடுத்தார். நாகவல்லியாக நடித்த சௌந்தர்யா 2004 ஏப்ரலில் விமான விபத்தில் இறந்துபோனார். ஆகஸ்டில் படம் வந்து ஒரு வருஷம் ஓடியது. அதில் நாகவல்லி தெலுங்கு பேசினாள். அதையே எடுத்துக்கொண்டு வாசு சென்னைக்கு வந்தார். 'பாபா' சரியாகப் போகாமல் ரஜினி மூன்று வருஷம் படமே செய்யாமல் இருந்த நேரம். தமிழில் எடுக்கும்போது அந்தப் பெண் தஞ்சாவூர்க்காரியாக இருக்க முடியாது. அது சொந்த ஊராகிவிடும். கன்னடத்தில் பேசிய தெலுங்கையே இங்கும் வைத்துக்கொண்டார்கள். நாகவல்லி சந்திரமுகி ஆனாள், விஜயநகரத்திலிருந்து வந்தாள், தெலுங்கில் பாடினாள். 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தபோது அரண்மனை ராஜஸ்தானுக்குப் போனது; வித்யா பாலன் மஞ்சுளிகாவாக வங்காளியில் பாடினார்.

மலையாளத்துக்குத் தமிழ். கன்னடத்துக்கும் தமிழுக்கும் தெலுங்கு. இந்திக்கு வங்காளி. ஒரு மொழிகூடப் பேயைத் தன் தாய்மொழியில் பேச விடவில்லை. ஃபிராய்டு பிற்காலத்து உரை ஒன்றில், அமுக்கி வைக்கப்பட்டது நமக்குள்ளேயே இருக்கும் அயல்நாடு என்கிற அர்த்தத்தில் ஓர் உவமை சொல்வார். நம் இயக்குநர்கள் அதை அப்படியே வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். சுதிர் காக்கர் ராஜஸ்தானில் மேஹந்திபூர் பாலாஜி கோயிலுக்குப் பேய் பிடித்து வந்தவர்களை ஆராய்ந்தபோது கண்டதும் இதுதான்: 28 பேரில் 15 பேரைப் பிடித்திருந்தது முஸ்லிம் பேய், பிடிபட்டவர்கள் இந்துக்கள். தனக்குள் இருக்கக் கூடாத ஆசையும் கோபமும் பக்கத்துத் தெருக்காரனின் பெயரில் வெளியே வருகின்றன என்று அவர் படித்தார். சினிமாவுக்கு முன்பே நோயாளிகள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சென்னைக்கு மட்டும் இதில் ஒரு கூடுதல் சிக்கல். இந்த ஊருக்குத் தெலுங்கு அயல்மொழியா? சிந்தாதிரிப்பேட்டையையே எடுத்துக்கொள்வோம். கூவம் வளைந்து சுற்றிக்கொண்டு போகும் அந்த இடத்தில் சுங்குராமன் என்ற வணிகரின் தோட்டம் இருந்தது. 1734இல், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டும் என்று அங்கே ஒரு நெசவாளர் ஊரை உண்டாக்கினார்கள். யார் யார் குடியிருக்கலாம் என்று அப்போது ஒரு பட்டியல் போட்டார்கள்: நூற்பவர், நெய்பவர், துணியில் சித்திரம் எழுதுபவர், வெளுப்பவர், சாயம் போடுபவர், கோயிலுக்கு வேண்டிய பிராமணர், கூடவே நாட்டியப் பெண்கள். ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் இருக்கும் இரட்டைக் கோயிலைச் சுற்றிய தெருக்களில் அரசாங்க ஆவணமே இடம் ஒதுக்கிய பெண்கள் அவர்கள்.

அந்தப் பெண்கள் ஆடிய சதிரில் பதங்கள் பெரும்பாலும் தெலுங்கு. நாயக்கர் ஆண்ட தஞ்சாவூரில் அரசவை இலக்கியமே தெலுங்கில் இருந்தது. அதனால் 'சந்திரமுகி' தற்செயலாக ஒரு வரலாற்றுத் திருத்தத்தைச் செய்துவிட்டது: அசலான தஞ்சாவூர் நாட்டியக்காரி ஒருத்தி அபிநயம் பிடிக்க உட்கார்ந்தால் தெலுங்கில்தான் தொடங்கியிருப்பாள். சென்னையும் அப்படித்தான். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிகிறவரை இந்த நகரத்துக்கு இரண்டு மொழிக்காரர்கள் உரிமை கொண்டாடினார்கள். மயிலாப்பூரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பரில் உயிர்விட்டார். நகரம் யாருக்கு என்ற கேள்வி முடிந்தது. முடிந்த கேள்வியைப் பிறகு யாரும் எடுக்கவில்லை. ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து, அண்ணா சாலையில், ஒரு பெண் தெலுங்கில் பழிகேட்டு வருகிறாள். அரங்கமே உறைந்து போகிறது. வெளியூர்ப் பேய் என்றால் இவ்வளவு பயம் வராது.

நாட்டியப் பெண்களுக்கு நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி 1920களின் கடைசியிலிருந்து போராடி, 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அவர் தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பத்துப் பெண். எதை ஒழிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதே காலத்தில் சதிர் பரதநாட்டியம் ஆகி அடையாறிலும் மயிலாப்பூரிலும் புது மேடைக்கு வந்தது. 1936இல் கலாக்ஷேத்திரம். ஆட்டம் பிழைத்தது. பாலசரஸ்வதி போன்ற சிலர் நீங்கலாக, தலைமுறை தலைமுறையாக ஆடிய பெண்கள் பேச்சிலிருந்து போனார்கள்; பல வீடுகளில் பாட்டி ஆடினாள் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லக்கூட இல்லை. சட்டம் வந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு சமூகம் எதைக் கூச்சத்தோடு உள்ளே வைத்துப் பூட்டியதோ அது எந்த உடையில் திரும்பி வந்தது என்றுதான் சொல்கிறேன். ராபின் வுட் என்ற விமர்சகர் 1979இல் அமெரிக்கத் திகில் படங்களைப் பற்றி எழுதியபோது, சமூகம் அமுக்கி வைத்ததெல்லாம் அரக்கனாகித் திரும்பி வருகிறது என்றார். அவர் பட்டியலில் பெண், தொழிலாளி, பிற இனத்தவர் எல்லாம் உண்டு. நம்முடைய பட்டியலில் சலங்கை கட்டியவள் முதலிடம்.

'சந்திரமுகி'யில் திரும்பி வந்தவர் இன்னொருவரும் இருக்கிறார். மலையாளத்தில், கடைசிக் காட்சியில் சுழலும் பலகையில் கணவன் நகுலன் இருக்கிறான். நாகவல்லி அவனைக் காரணவராக நினைத்து வாளை ஓங்குகிறாள். பலகை சுழன்று பொம்மை வருகிறது. அதை வெட்டித் தள்ளுகிறாள். தமிழில் அந்த இடத்துக்கு வருவது மருத்துவர் சரவணன், அதாவது ரஜினி. அவரே வேட்டையன் வேஷம் போடுகிறார். உளப்பகுப்பாய்வில் நோயாளி தன் பழைய பகையையும் காதலையும் மருத்துவர் மேல் ஏற்றிப் பார்ப்பார். மருத்துவர் அதை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. சரவணன் ஆடுகிறார். 'லகலகலக' என்று நாக்கைச் சுழற்றி ஆடுகிறார். கணவன் செந்தில் ஓரமாக நின்று, என்ன கொடுமை இது என்று மருத்துவரிடமே கேட்கிறார். அந்த வசனம் படத்தைவிட நீண்ட ஆயுளோடு இருக்கிறது.

வேட்டையன் பெண்ணைக் கடத்தி வந்தவன், காதலனின் தலையை வெட்டியவன், அவளை உயிரோடு எரித்தவன். அவன் திரையில் வரும்போதுதான் விசில் பறந்தது. ஏன் என்று யோசித்தால் 'மூன்று முடிச்சு', '16 வயதினிலே' ஞாபகத்துக்கு வரும். 1976இலும் 1977இலும் ரஜினி அப்படித்தான் வந்தார்: பெண்ணைப் பார்த்து வாய் ஓரத்தில் சிரிக்கிற ஆள். பிறகு வந்த முப்பது வருஷம் அந்த ஆளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியது. வேட்டையன் வந்தது கங்காவின் மனத்திலிருந்து என்று கதை சொல்கிறது. அரங்கத்தின் மனத்திலிருந்து என்பது என் கட்சி. அந்தப் பூட்டுக்குள் கொலையுண்டவளும் கொன்றவனும் சேர்ந்தே இருந்தார்கள். ரசிகன் யாருக்காக 890 நாள் வந்தான் என்று கேட்டால் பதில் அவ்வளவு சுகமாக இருக்காது.

அந்தக் கோடையில் நகரத்துக்கு இந்த விஷயத்தில் வேறு பாடமும் கிடைத்தது. ஜூனில் 'அந்நியன்' வந்தது. ஒரே உடம்பில் மூன்று ஆள். டீக்கடையில் நிற்கிறவர்கூட 'ஸ்பிளிட் பர்சனாலிட்டி' என்று சொல்லத் தொடங்கினார். கோபப்பட்ட மனைவிக்கு அந்தப் பெயர், மறதிக்கார மேனேஜருக்கு அந்தப் பெயர். மருத்துவம் அதற்கு முன்பே வேறு வார்த்தைக்குப் போயிருந்தது. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, சில பண்பாடுகளில் ஆவி பிடித்ததாகச் சொல்லப்படும் அனுபவத்தையும் ஆளுமை பிளவுபடும் நோயின் வரையறைக்குள் சேர்த்துக்கொண்டது. 'சந்திரமுகி' வருவதற்கு நான்கு வருஷம் முன்னால், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து மனநோயாளிகள் 28 பேர் சங்கிலியோடு கருகிச் செத்திருந்தார்கள். பேய் இல்லை, நோய்தான், மருந்து உண்டு என்று ரஜினி சொன்னது அந்தத் தமிழ்நாட்டில். அதற்காக மட்டும் அந்தப் படத்தைப் பாராட்டலாம் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது.

மறுபக்கம் நாகவல்லி கேட்டது மருந்து இல்லை. அவள் கொலையுண்டவள். தமிழ்க் கதைகளில் பேய்க்கு வேறு மரியாதை உண்டு. திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூர் நீலி, தன்னைக் கொன்றவனை மறுபிறவியிலும் துரத்தி வந்து, ஊர்ச் சபையில் நிறுத்தி வழக்காடினாள். அவளை நம்பி அவன் உயிருக்குப் பொறுப்பேற்ற எழுபது வேளாளர், அவன் கொலையுண்டதும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள் என்கிறது கதை. அங்கே அவள் மனத்தில் என்ன பிரச்சினை என்று யாரும் கேட்கவில்லை. யார் குற்றவாளி என்று கேட்டார்கள். 2011இல் ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா'வில் வந்த திருநங்கையின் ஆவிக்கும் அதே குணம்: நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு கொன்றுவிட்டார்கள், கணக்குத் தீர்க்க வேண்டும். படம் கொஞ்சம் கத்தலாக இருக்கும். ஆனாலும் அந்தப் பேய் நோயாளி இல்லை, வாதி.

மணிச்சித்ரத்தாழ் செய்த நுட்பமான காரியம் வாதியை நோயாளி ஆக்கியதுதான். நாகவல்லி இல்லை, கங்காதான் இருக்கிறாள் என்று நிரூபித்தவுடன் காரணவர் மேல் இருந்த கொலை வழக்கும் தள்ளுபடி ஆகிவிடுகிறது. வெட்டுவதற்கு ஒரு பொம்மையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். உளப்பகுப்பாய்வு கொண்டு பேய்ப்படத்தைப் படிக்கிறவர்கள் அந்த வீட்டுக்குள் நடந்ததை அந்தப் பெண்ணின் தலைக்குள் நடந்ததாக்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். மணிச்சித்ரத்தாழ் வந்த அதே 1993இல் பார்பரா கிரீட் ஒரு புத்தகம் எழுதினார்: திகில் படங்களின் பெண் அரக்கிகள் ஆண் மனத்தின் பயத்திலிருந்து செய்யப்பட்டவர்கள் என்பது அவர் வாதம். யாருடைய மனம் என்று கேட்கத் தொடங்கினாலே படிப்பு வேறாகிவிடுகிறது.

வியன்னாப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது புத்தகத்தில் இல்லை. அவளுடைய உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். குணமானது பிராயர் எழுதிய அளவுக்குச் சுலபமாக இல்லை. அதற்குப் பிறகும் சானடோரியங்களில் இருந்தாள். பிறகு ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போய் அனாதை இல்லம் நடத்தினார். 1904இல் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கி, ஏழைப் பெண்களை விபசாரத்துக்குக் கடத்தும் கும்பல்களுக்கு எதிராக ஊர் ஊராகப் போராடினார். 1920களின் கடைசியில் மதராஸ் சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி பேசிக்கொண்டிருந்தார். தன் சொந்த நோயைப் பற்றி பெர்த்தா கடைசிவரை வாய் திறக்கவில்லை. தன் இல்லத்துப் பெண்களை உளப்பகுப்பாய்வுக்கு அனுப்பவும் சம்மதிக்கவில்லை.

பூட்டின் பிற்காலம் சுவாரசியமாக இல்லை. தொடர் பாகங்கள் வந்தன. 2010இல் கன்னடத்தில் 'ஆப்தரட்சகா', அதே வருஷம் தெலுங்கில் 'நாகவல்லி'. 2022இல் இந்தியில் இரண்டாம் பாகம். 2023இல் இங்கே 'சந்திரமுகி 2', கங்கனா ரணாவத்தோடு. மனநோய் என்ற விளக்கத்தை மெல்லக் கழற்றி வைத்துவிட்டு, இந்தி இரண்டாம் பாகத்தில் அசல் பேயையே கொண்டுவந்தார்கள். பேய் இல்லை என்று சொல்லத் தொடங்கிய கதைக்குப் பேய் பிடித்துவிட்டது. தயாரிப்பாளர்களைக் குறை சொல்லவும் முடியாது. வியாதி ஒரு தடவைதான் குணமாகும். பேய் எத்தனை பாகம் வேண்டுமானாலும் வரும். சாந்தி தியேட்டரும் 2016இல் மூடப்பட்டது.

அதே 2016இல் பாசில் ஒரு மலையாள வார இதழில் பழைய விஷயம் ஒன்றை எழுதினார். மணிச்சித்ரத்தாழில் ஷோபனாவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி என்பது கேரளத்தில் குழந்தைக்கும் தெரியும். கங்காவுக்குக் கொடுத்தார். நாகவல்லிக்கும் முதலில் அவரையே பேச வைத்தார்கள். இரண்டு பேருக்கும் குரல் ஒன்றாகத் தெரிகிறதே என்று பிறகு தோன்றியதால், தமிழ் டப்பிங் கலைஞர் துர்காவைக் கொண்டு நாகவல்லியை மறுபடி பதிவு செய்தார்கள். ஒரே நடிகை, ஒரே உடம்பு, இரண்டு தொண்டை. அது இருபத்திரண்டு வருஷத்துக்கு மேல் வெளியே பேசப்படவே இல்லை. கட்டிலருகே அந்தக் குரல் மாறுவதைப் பற்றி எவ்வளவோ எழுதினார்கள். நடிப்பின் உச்சம் என்றார்கள், டப்பிங்கின் உச்சம் என்றார்கள், பாராட்டெல்லாம் வேறு விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2024 ஆகஸ்டில் படத்தைத் துலக்கி 4கே தரத்தில் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தபோது, அந்த இடத்தில் பேசுவது துர்கா என்று தெரிந்த கூட்டமும் உட்கார்ந்து பார்த்தது.